முதலில் அந்தச் சின்னத் தொட்டி

“ஆறடியில் கடல்மீன் தொட்டி வைக்கலாம் என்று இருக்கிறேன், கண்ணாடி எங்கே வெட்டலாம்?” என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: குவாரன்டைன் தொட்டி, அதாவது புதுமீனைத் தனியே வைத்துப் பார்க்கிற சின்னத் தொட்டி, வாங்கியாச்சா? பெரும்பாலும் முழிப்பார்கள். நானும் அப்படி முழித்தவன்தான்.

மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் முதல் தொட்டியை வைத்தபோது எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. இரண்டு மாதம் பொறுத்து ஏழு மீன் விட்டிருந்தேன். அவை நன்றாகத் தின்றுகொண்டிருந்த நேரத்தில், திருவனந்தபுரத்துக் கடை ஒன்றில் பௌடர் ப்ளூ டாங் என்கிற மீன் ஒன்றைப் பார்த்தேன். வானநீல உடம்பு, மஞ்சள் முதுகுத் துடுப்பு, கறுத்த முகம். களியக்காவிளை தாண்டும்வரை அந்தப் பையை மடியிலேயே வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் நேரே தொட்டியில் விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் அதன் மார்புத் துடுப்பில் ரவை ஒட்டியதுபோல மூன்று புள்ளிகள். எட்டாம் நாள் அவற்றைக் காணோம். “பாத்தியா மக்ளே, அதுவே சொகமாயிட்டு” என்றார் அம்மா. நானும் நம்பினேன். பதினான்காம் நாள் காலையில் விளக்கைப் போட்டால், எட்டு மீனின் உடம்பிலும் பொடியுப்பைத் தூவியதுபோல இருந்தது. அடுத்த ஒரு வாரத்தில் ஏழு போய்விட்டன. டாம்சல் என்கிற சின்ன மீன் ஒன்று மட்டும் ஒன்றும் நடக்காததுபோலச் சுற்றிக்கொண்டிருந்தது.

புள்ளி மறைந்தது குணமானதால் அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் தொட்டி.

எடையும் இடமும்

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் சுமார் 680 லிட்டர். 12 எம்.எம். கண்ணாடி மட்டும் 120 கிலோ பக்கம் வரும். மணல், பாறை, ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் ஒரு டன். இந்த ஒரு டன் நிற்பது ஒரு சதுர மீட்டர் சொச்சத்தில். வீட்டுத் தளங்களைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். அதனால் தரைத்தளம்தான் நல்லது. மாடியில் வைத்தே ஆகவேண்டும் என்றால் பீம் எங்கே ஓடுகிறது என்று கட்டிய மேஸ்திரியையோ இன்ஜினியரையோ கேட்காமல் வைக்காதீர்கள்.

ஸ்டாண்டின் மட்டத்தை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். மேலே அரை இஞ்ச் தெர்மகோல் விரித்து அதன்மேல் தொட்டியை வையுங்கள். ஒட்டுகிற சிலிகான், காயும்போது வினிகர் வாடை அடிக்கிற ரகமாக இருக்கவேண்டும். பூஞ்சை பிடிக்காத பாத்ரூம் சிலிகான் மீனுக்கு விஷம். வேலை முடிந்ததும் தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் சும்மா விடுங்கள். எனக்குக் கண்ணாடி ஒட்டித் தந்த அண்ணன் அளவைக் கேட்டதும், “சாரே, இது மீனுக்கா, முதலைக்கா?” என்றார். ஆனால் வேலை சுத்தம்.

கீழே சம்ப் என்கிற இரண்டாவது தொட்டி. மேல் தொட்டியில் வழிகிற தண்ணீர் அதில் விழும். அங்கே ஸ்கிம்மர் அழுக்கை நுரையாக்கி எடுக்கும், பிறகு மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும். சம்ப்பை விளிம்புவரை நிரப்பி ஓட்டுவது புதியவர்கள் செய்கிற தப்பு. கரண்ட் போனதும் மேல் தொட்டித் தண்ணீர் கொஞ்சம் கீழே இறங்கும். ஆறுக்கு இரண்டடித் தொட்டியில் ஒரு இஞ்ச் இறங்கினாலே 28 லிட்டர். அந்த இடம் சம்ப்பில் காலியாக இருக்கவேண்டும். நம் பக்கத்துக் கரண்ட் நிலவரம் உங்களுக்கே தெரியும், ஜூன் மாதக் காற்றில் ஒரு ரப்பர் கிளை லைனில் விழுந்தால் போதும். மீன் விடுவதற்கு முன்பே மெயினை அணைத்து, தண்ணீர் எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்துக் குறியிடுங்கள். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். எல்லா மின்சாதனமும், 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே கரண்டைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. வழியாகப் போகட்டும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைச் சும்மா விடாது.

தண்ணீர்

கடலுக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் இருந்துகொண்டு உப்பை விலைக்கு வாங்குவதா என்று எல்லாரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கடல்நீரைப் பயன்படுத்தலாம். ஆனால் தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கடலில் கலக்கிறது, பூவாறில் நெய்யாறு கலக்கிறது. நமக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. அந்த மாதங்களில் முகத்துவாரம் பக்கம் எடுத்த தண்ணீரில் உப்பும் குறைவு, சேறும் அதிகம். துறைமுகத்துக்குள் எடுத்தால் டீசல். முகத்துவாரத்திலிருந்து தள்ளி, மழையில்லாத காலத்தில் எடுத்து, குளோரின் போட்டுக் கிருமியைக் கொன்று, காற்றடித்து, பிறகு சோடியம் தயோசல்பேட்டால் குளோரினை முறித்துத்தான் பயன்படுத்தவேண்டும். அப்படியே ஊற்றினால் ஒட்டுண்ணியையும் சேர்த்தே ஊற்றுகிறீர்கள். முதல் வருடம் கடையில் விற்கிற கடலுப்புக் கலவையையே வாங்குங்கள் என்பேன். சமையல் உப்பு ஆகாது. அதில் கிட்டத்தட்ட முழுக்கச் சோடியம் குளோரைடுதான். கடல்நீரில் லிட்டருக்கு 1,300 மில்லிகிராம் அளவுக்கு மக்னீசியமும், 400 சொச்சம் கால்சியமும் உண்டு.

ஆர்.ஓ. தண்ணீர், அதற்குப் பின்னால் மிச்ச உப்பையும் பிடிக்கிற ஒரு டி.ஐ. பில்டர், கரைந்திருப்பதைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் 0. இதுதான் அடிப்படை. லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் உப்பு. மணலும் பாறையும் அடைக்கிற இடம் போக, தொட்டியும் சம்ப்பும் சேர்த்து 650 லிட்டர் தண்ணீர் என்றால் 24 கிலோ. தண்ணீரில்தான் உப்பைப் போடவேண்டும், உப்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். ஒரு நாள் மோட்டார் ஓடியபிறகு உப்பளவைக் காட்டும் ரிபிராக்டோமீட்டரில் பாருங்கள், அடர்த்தி 1.025 வரவேண்டும். பிளாஸ்டிக் ஊசி ஆடுகிற ஹைட்ரோமீட்டரை நம்பாதீர்கள்.

தினமும் ஐந்தாறு லிட்டர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும். அதனால் நிரப்பும்போது உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர்தான். இதை மாற்றிச் செய்து, ஒரு மாதத்தில் மீனை ஊறுகாய் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

சூடு நம் பெரிய தலைவலி. தண்ணீர் 25 முதல் 27 டிகிரியில் இருக்கவேண்டும், ஏப்ரலில் அறையே 32. தண்ணீரின்மேல் பேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால், உள்நாட்டில் கிடைக்கிற பலன் இங்கே கிடைக்காது. இந்த அளவுத் தொட்டிக்கு தண்ணீரைக் குளிரவைக்கிற 1/3 எச்.பி. சில்லர் வாங்கிவிடுவது நல்லது. அதை ஸ்டாண்டுக்குள் அடைத்து வைத்தால், தான் கக்குகிற சூட்டைத் தானே இழுத்துக்கொண்டு கிடக்கும்.

மணல், பாறை, சட்டம்

மணவாளக்குறிச்சி கடற்கரையில் மணலிலிருந்து தாது பிரிக்கிற ஐ.ஆர்.இ.எல். ஆலை எதற்காக இருக்கிறது என்று யோசித்தாலே, நம் கடற்கரை மணலைத் தொட்டியில் ஏன் போடக்கூடாது என்பது புரியும். அதில் இல்மனைட்டும் மோனசைட்டும் இருக்கின்றன. இல்மனைட் காந்தத்தில் ஒட்டும். உங்கள் பம்புக்குள் சுழல்வதும் காந்தம், கண்ணாடி துடைப்பதும் காந்தம். முதலாவது அரைபட்டுப் போகும், இரண்டாவது கண்ணாடியைக் கீறும். ஒரு நண்பர் தொட்டியில் ஒருமுறை துடைத்ததும் குறுக்காக விழுந்த கோடு இன்னும் அப்படியே இருக்கிறது. அரகோனைட் என்கிற சுண்ணாம்பு மணலை விலைக்கு வாங்கி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் பரப்புங்கள்.

கடலிலிருந்து பவளப்பாறை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பவளமும் கடல்குதிரையும் கடல் அட்டையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பவை. வைத்திருந்தாலே குற்றம். கடையில் கிடைக்கிற செயற்கைப் பாறையோ செராமிக் பாறையோ போதும். ஒட்டுண்ணி இல்லாமல் தொடங்க அதுதான் வசதியும்கூட.

காத்திருக்கிற ஆறு வாரம்

மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒரு பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொன்று அதை நைட்ரேட் ஆக்கும். இந்த இரண்டும் பாறையில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் கூடாது. பாக்டீரியாவுக்குத் தீனியாக அம்மோனியம் குளோரைடு போடலாம். நம் ஊரில் நவச்சாரம் என்பது அதுதான், ஆனால் ஈயம் பற்றவைக்க விற்பது வேண்டாம், பரிசோதனைக்கூடத் தரத்தில் வாங்குங்கள். 650 லிட்டருக்கு 4 கிராம் போட்டால் அமோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும். அதுவும் நைட்ரைட்டும் 24 மணி நேரத்தில் பூஜ்யத்துக்கு இறங்குகிற நாள்தான் தொட்டி தயார்.

இந்த ஆறு வாரத்தில் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. ஸ்பான்ஞ் பில்டர் இரண்டை வாங்கிச் சம்ப்பில் போட்டு வையுங்கள். அவற்றிலும் பாக்டீரியா பிடிக்கும். அவை சின்னத் தொட்டிக்கானவை.

சின்னத் தொட்டி

60, 70 லிட்டர் போதும். மணல் வேண்டாம், பாறை வேண்டாம், அவை மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். ஒளிந்துகொள்ளப் பி.வி.சி. எல்போ நாலு, சம்ப்பில் ஊறிய ஸ்பான்ஞ் பில்டர், ஒரு மூடி. பெரிய தொட்டியிலிருந்து நன்றாகத் தள்ளி, முடிந்தால் வேறு அறையில். வலை, குழாய், வாளி எல்லாம் தனி. ஈரக் கையோடுகூட இங்கிருந்து அங்கே போகாதீர்கள். எந்த மீனும் இதில் ஒரு மாதம் இருந்துவிட்டுத்தான் பெரிய வீட்டுக்குப் போகும். அது எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் சரி.

முதல் மீனாகக் கோமாளி மீன் நல்லது, அதுவும் பண்ணையில் பொரித்த குஞ்சு. விழிஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது, அங்கே காட்சியகமும் உண்டு. கோமாளி மீன் குஞ்சு பொரிப்பில் அவர்களுக்கு நெடுநாள் அனுபவம். கடலில் பிடித்த மீனைவிடப் பண்ணைக் குஞ்சு ஒட்டுண்ணி குறைவாகக் கொண்டுவரும், குருணைத் தீனியும் தின்னும். பௌடர் ப்ளூ டாங்கை முதல் வருடம் தொடாதீர்கள். வெள்ளைப் புள்ளி அதற்கு வந்துவிடுவதுபோல வேறெதற்கும் சட்டென்று வராது.

தீனிக்குச் சந்தையில் வாங்கிய கணவாய், இறால், சிப்பி நன்றாகவே ஆகும். பொடியாக நறுக்கி, சில நாள் ப்ரீசரில் உறையவைத்துப் பிறகு கொடுங்கள்.

புள்ளி எங்கே போனது

வெள்ளைப் புள்ளியை உண்டாக்குவது கிரிப்டோகாரியான் என்கிற ஒற்றைச்செல் உயிரி. நாம் பார்க்கும் புள்ளி, அது மீனின் தோலுக்கடியில் உட்கார்ந்து தின்கிற கட்டம். மூன்று முதல் ஏழு நாள் தின்றபின் இருட்டு நேரத்தில் கழன்று கீழே இறங்கும். மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டி, மேலே கூடுகட்டி, உள்ளே நூற்றுக்கணக்கில் பிரியும். சில நாளிலிருந்து சில வாரம்வரை ஆகும், 72 நாள்வரை நீண்டதும் பதிவாகியிருக்கிறது. கூடு வெடித்ததும் குஞ்சுகள் நீந்தி வந்து, ஓரிரு நாளுக்குள் மீனைப் பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் சாகும். மருந்தால் கொல்லமுடிவது இந்த நீந்துகிற கட்டத்தை மட்டும்தான். கூட்டுக்குள்ளும் தோலுக்கடியிலும் மருந்து போகாது.

எங்கள் வீட்டில் எட்டாம் நாள் நடந்தது இதுதான். மூன்று புள்ளியும் கழன்று மணலுக்குப் போயிருந்தன. அந்த டாம்சல் பிழைத்தது எதிர்ப்புச் சக்தி வந்ததால், ஆனால் அது ஒட்டுண்ணியைச் சுமந்துகொண்டும் இருந்திருக்கும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடவேண்டும். நன்னீர் மீனுக்கு வரும் வெள்ளைப் புள்ளி வேறு உயிரி. தண்ணீரைச் சூடாக்கு, கல்லுப்புப் போடு என்பதெல்லாம் அதற்கான வைத்தியம். மஞ்சள்தூள் எதற்கும் ஆகாது. பூண்டு பசியைத் தூண்டலாம், குணமாக்காது.

குணமாக்க மூன்று வழி. மூன்றும் சின்னத் தொட்டியில்தான்.

முதலாவது, தொட்டி மாற்றுவது. மருந்தே இல்லை. மீனை 72 மணி நேரத்துக்கு ஒருமுறை, புதுத்தண்ணீர் ஊற்றிய இன்னொரு தொட்டிக்கு மாற்றவேண்டும், மொத்தம் நான்கு முறை. கழன்று விழுந்த ஒட்டுண்ணி குஞ்சு பொரிப்பதற்குள் மீன் அங்கே இருக்காது. பழைய தொட்டியைக் கழுவி வெயிலில் முழுக்கக் காயவைத்தால் அடுத்த முறைக்கு ஆச்சு. இரண்டு பெரிய பிளாஸ்டிக் டப் இருந்தாலே போதும். புதியவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது, உப்பைக் குறைப்பது. இரண்டு நாளில் 1.009க்கு இறக்கி 30 நாள் வைப்பது. ரிபிராக்டோமீட்டர் துல்லியமாக இல்லாவிட்டால் வீண். ஒட்டுண்ணியின் எல்லா ரகத்துக்கும் கேட்பதும் இல்லை.

மூன்றாவது, செம்பு. ரப்பர் மரத்துக்குப் போர்டோ கலவை அடிக்கிற ஊர் நம்முடையது, அதில் சேர்கிற மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், எல்லா உரக்கடையிலும் கிடைக்கும். அந்தத் தைரியத்தில் ஒரு சிட்டிகையை எடுத்துத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். கணக்கைப் பாருங்கள். தேவை லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் செம்பு. 60 லிட்டருக்கு 0.20 என்றால் 12 மில்லிகிராம். மயில்துத்தத்தில் கால்வாசிதான் செம்பு, ஆக 47 மில்லிகிராம் மயில்துத்தம். ஒரு சிட்டிகை இதைப்போலப் பல மடங்கு. உரக்கடைச் சரக்கில் கலப்பும் உண்டு, பரிசோதனைக்கூடத் தரம்தான் வேண்டும். நகைத் தராசில் 3.93 கிராம் நிறுத்து, ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்தால், அதில் ஒரு மில்லி என்பது ஒரு மில்லிகிராம் செம்பு. சிரிஞ்சில் எடுத்து இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, காலையும் மாலையும் செம்பு டெஸ்ட் கிட்டில் பார்த்து, அளவு இறங்காமல் மூன்று நான்கு வாரம் வைக்கவேண்டும். 0.15க்குக் கீழே போனால் வேலை செய்யாது, 0.25க்கு மேலே போனால் மீனைக் கொல்லும். செம்பை உறிஞ்சுகிற கார்பன் பையை எடுத்துவிடுங்கள். அமோனியாவை அடக்கும் திரவத்தைச் செம்போடு சேர்க்காதீர்கள். செதிலில்லாத பேத்தை மீனுக்கு இது ஆகாது. பெரிய தொட்டியில் ஒரு சொட்டுகூட விழக்கூடாது, இறாலும் நத்தையும் அன்றே சாகும், பாறை செம்பைக் குடித்து மாதக்கணக்கில் கக்கும்.

வெள்ளைப் புள்ளி போலவே இருப்பவை

மீன் வேகவேகமாக மூச்சுவிட்டு, பம்ப் தண்ணீர் வருகிற வாயில் தலையைக் கொடுத்து நின்றால், டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். தங்கத்தூள் தூவியதுபோல மெல்லிய படலம் தெரிந்தால் அது வெல்வெட் நோய், அமிலூடினியம் என்கிற ஒட்டுண்ணியால் வருவது. இரண்டு நாளில் தொட்டியையே காலிசெய்யும். உப்பைக் குறைப்பது இதற்குக் கேட்காது. செம்புதான், அன்றே.

கோமாளி மீன் உடம்பில் சளி உரிந்து தொங்கினால் அது புரூக்ளினெல்லா என்கிற இன்னொரு ஒட்டுண்ணி. இதற்குச் செம்பு கேட்காது. 37 சதவீத பார்மலினைப் பத்து லிட்டர் கடல்நீருக்கு 1.5 மில்லி கலந்து, பலமாகக் காற்றடித்து, 30 முதல் 45 நிமிடம், நீங்கள் பக்கத்திலேயே நின்றபடி. பார்மலின் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. கையுறையோடு, வெளித்திண்ணையில் செய்யுங்கள். பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

கண் மங்கி, உடம்பைக் கல்லில் உரசினால் தட்டைப்புழு என்று சந்தேகப்படலாம். தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. ஆர்.ஓ. தண்ணீரை அதே சூட்டுக்குக் கொண்டுவந்து, சமையல் சோடாவால் பி.எச். 8.2க்கு ஏற்றி, காற்றடித்து, மீனை அதில் ஐந்து நிமிடம் விடுங்கள். அடியில் கறுப்புத் துணி விரித்திருந்தால், எள்ளளவில் வெள்ளையாக விழுவது கண்ணுக்கே தெரியும். முதல் தடவை எண்ணிப்பார்த்தேன், ஒரே மீனில் 30க்கு மேல். மீன் பக்கம் சாய்ந்தால் உடனே எடுத்துவிடவேண்டும். இது தற்காலிக ஆறுதல்தான். லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் பிராசிகுவான்டெல் என்கிற புழுமருந்து போட்டு, முட்டையிலிருந்து வந்தவற்றைப் பிடிக்க ஏழு நாள் கழித்து இன்னொருமுறை போடவேண்டும்.

76 நாள்

குவாரன்டைனைத் தாண்டியும் வெள்ளைப் புள்ளி பெரிய தொட்டிக்குள் வந்துவிட்டால், எல்லா மீனையும் பிடித்து வெளியே எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. பாறையை அடுக்கும்போதே எளிதில் கலைக்கும்படி அடுக்கச் சொல்வது இதற்காகத்தான். ஒரு மீன்கூட உள்ளே இருக்கக்கூடாது. நத்தையும் இறாலும் இருக்கலாம், அவற்றின்மேல் இது வாழாது. கூடு 72 நாள்வரை நீளலாம் என்பதால், கொஞ்சம் கூட்டி 76 நாள் அப்படி விடவேண்டும். சில்லர், மோட்டார், ஸ்கிம்மர் எல்லாம் வழக்கம்போல ஓடும், பாக்டீரியா பட்டினியாகாமல் நத்தைக்கும் இறாலுக்கும் கொஞ்சம் தீனி போடுங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் காலித் தொட்டியைப் பார்த்து ஆளுக்கொன்று சொல்வார்கள்.

அந்த 76 நாளும் மீன்கள் சின்னத் தொட்டியில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும், அதனால் அமோனியாவைத் தினமும் பாருங்கள், தேவைப்பட்டால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். செம்பு ஓடுகிறது என்றால் ஊற்றும் புதுத்தண்ணீரிலும் அதே அளவு செம்பு இருக்கவேண்டும். மருந்துக் காலம் முடிந்ததும் கார்பன் போட்டுச் செம்பை எடுத்துவிட்டு, மீதி நாளை வெறும் தண்ணீரில் ஓட்டலாம்.

செம்புத் தண்ணீர் தொட்ட வாளியில் சிவப்புப் பெயின்டால் பெரிதாக ஒரு கோடு போடுங்கள். நான் முதலில் “செம்பு” என்று எழுதித்தான் வைத்தேன். அம்மா அதைப் படித்துவிட்டு, செம்பைக் காணோம், வாளிதானே இருக்கிறது என்று எடுத்துப்போய் முற்றம் தெளித்துவிட்டார்.